பிஎஸ்4 ரிப்பேர்: "போர்டு போச்சு"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

தூத்துக்குடில எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு பழைய மேசை கிடக்கு, ஏழெட்டு வருஷமா அதுல யாரோட பிஎஸ்4ஆவது (சோனியோட ப்ளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) திறந்த மேனிக்கே இருக்கும். மொதல்ல சித்தி பையனோடது வந்துச்சு, அப்புறம் அவன் கூட படிச்ச பசங்களோடது, அப்புறம் அவங்க சொல்லி வந்தவங்களோடது. நான் கடை எதுவும் வெக்கல, ஆனா ஒரே மாதிரி கம்ப்ளைன்ட் திரும்பத் திரும்ப வரும்போது எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசியா பாக்கணும்னு ஒரு வரிசை தானா பிடிபட்டுருச்சு. வந்ததுல நெறைய செட்டு "போர்டு (உள்ள இருக்குற மெயின் சர்க்யூட் அட்டை) போச்சு, வேற வாங்கிக்கோங்க"ன்னு ஏற்கனவே எங்கயோ சொல்லி அனுப்பினதுதான். அதுல பலதும் கேபிள், தூசி, எச்டிஎம்ஐ போர்ட் (டிவிக்குப் போற வயரை சொருகுற ஓட்டை), ஹார்ட் டிஸ்க்னு இந்த நாலுல ஒண்ணுலயே எழுந்துருச்சு. அதனாலதான் இதை எழுதுறேன். புது கன்சோல் விலை இருக்குற நிலைமைல, ஒரு பையன் காசு சேத்து வாங்கினதை சும்மா குப்பைல போட வெக்கக் கூடாது.

தொடங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம். பின்பக்கம் ஸ்டிக்கர்ல சியூஎச் (CUH)னு தொடங்குற மாடல் நம்பரைக் குறிச்சுக்கோங்க: 10, 11, 12ல தொடங்கினா 2013ல வந்த பழைய பெரிய மாடல், 20ல இருந்து 22 வரைக்கும்னா ஸ்லிம், 70ல இருந்து 72 வரைக்கும்னா ப்ரோ. ஸ்பேர் வாங்கும்போது இந்த நம்பர் இல்லாம கடைக்குப் போகாதீங்க. ரெண்டாவது, எதைத் திறக்குறதா இருந்தாலும் வயரை சுவர்ல இருந்து உருவிட்டுத்தான். மூணாவது, உள்ள இருக்குற பவர் சப்ளை டப்பாவை மட்டும் பிரிக்கவே கூடாது, வயரைக் கழட்டின பிறகும் அதோட பெரிய கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், அது விளையாட்டு இல்ல.

## பட்டனை அழுத்தினா ஒண்ணுமே இல்ல, பீப்பும் இல்ல லைட்டும் இல்ல

வயர், ஜங்ஷன் பாக்ஸ். பெரிய மாடலுக்கும் ஸ்லிமுக்கும் வர்றது அந்த எட்டு வடிவ ரெண்டு ஓட்டை வயர், பழைய டேப் ரெக்கார்டருக்கு போடுவோமே அதேதான். அது நாளாக ஆக லூசாயிரும். வீட்டுலயே வேற எதுலயாவது அந்த வயர் இருக்கும், மாத்திப் போட்டுப் பாருங்க. ஜங்ஷன் பாக்ஸ்ல இருந்து எடுத்து நேரா சுவர் பாயிண்ட்ல சொருகிப் பாருங்க. ப்ரோவுல 70, 71 மாடலுக்கு கம்ப்யூட்டர் வயர் மாதிரி தடிமனானது, 72ல திரும்ப எட்டு வடிவம் வந்துருச்சு, இது தெரியாம வயர் வாங்கிட்டு திரும்பப் போனவங்க உண்டு.

கரண்ட் போய் வந்ததுக்கு அப்புறம் செத்துப்போச்சுன்னா: வயரை உருவிட்டு ஒரு பத்து நிமிஷம் அப்படியே விடுங்க, பிறகு நேரா சுவர்ல போட்டு அழுத்துங்க. பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க லாக் ஆகி நின்னிருந்தா இதுலயே வந்துரும். வந்துச்சுன்னா அன்னைக்கே ஒரு நல்ல ஸ்பைக் கார்டு வாங்கிருங்க.

பூச்சி. இதைச் சொன்னா முகம் சுளிப்பாங்க, ஆனா நம்ம ஊருல இதை நான் அடிக்கடி பாக்குறேன். ரெஸ்ட் மோடுல (முழுசா ஆஃப் ஆகாம தூங்குற நிலை) எப்பவும் இளஞ்சூடா, இருட்டா இருக்குற டப்பா, கரப்பானுக்கு அதை விட நல்ல வீடு கிடையாது. பின்பக்கம் காத்து வர்ற சந்துல மூக்கை வெச்சுப் பாருங்க, ஒரு மாதிரி எண்ணெய் நாத்தம், பழுப்புப் புள்ளி புள்ளியா எச்சம் இருந்தா உள்ள குடும்பமே இருக்கு. பவர் சப்ளைக்குள்ள ஒரு கரப்பான் பார்ட்ஸோட ரெண்டு கம்பிக் காலுக்கு நடுவுல விழுந்து கருகினா போதும், மொத்தமும் நின்னுரும்.

பவர் சப்ளை மாத்துறது. மேல சொன்னது எதுக்கும் அசையலன்னா அடுத்த சந்தேகம் இதுதான். முழு யூனிட்டாவே மாத்துங்க, அதைப் பிரிச்சு சரி பண்ண வேண்டாம். அதோட லேபிள்ல ஏடிபி-240ஏஆர், 240சிஆர், 200ஈஆர்னு ஏதாவது எழுதியிருக்கும், அதே நம்பர், அதே எண்ணிக்கை பின் இருக்குற கனெக்டர், ரெண்டும் பொருந்தணும். சிலதுல நாலு பின், சிலதுல அஞ்சு பின், போட்டோ எடுத்துட்டுப் போறது நல்லது. முடிஞ்சா ஒரு நண்பர் செட்ல இருந்து கடன் வாங்கிப் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் காசு போடுங்க.

எப்போ நிறுத்தணும்: நல்லா ஓடுற பவர் சப்ளை போட்டும் அசையல, இல்லன்னா ஒரு பீப், ஒரு செகண்ட் நீலம், உடனே ஆஃப்னு ஆகுதுன்னா போர்டுல எங்கயோ ஷார்ட். அது மீட்டரும் மைக்ரோஸ்கோப்பும் வெச்சிருக்கிறவங்க வேலை.

## நீல லைட் அடிச்சுக்கிட்டே இருக்கு, வெள்ளைக்கு மாறல

ஆன் பண்ணதும் சில செகண்ட் நீலம் வர்றது சாதாரணம், அப்புறம் வெள்ளை ஆகிரும். நீலமா துடிச்சுக்கிட்டே இருந்து அணைஞ்சுதுன்னாதான் கேஸ்.

முதல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பெரிய மாடல்ல மேல இடது பக்க மூடி சும்மா தள்ளினாலே வந்துரும், ஸ்லிம்லயும் ப்ரோலயும் பின்பக்கம் ஒரு சின்ன மூடி, உள்ள முக்கோணம் வட்டம் போட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ. டிஸ்க் இல்லாம ஆன் பண்ணும்போது லைட் வெள்ளையாகி, ஸ்டோரேஜ் கிடைக்கலன்னு டிவில மெசேஜ் வந்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, டிஸ்க்தான் செத்துருக்கு, போர்டு நல்லா இருக்கு. 2.5 இஞ்ச் சாட்டா டிஸ்க், 9.5 மில்லிமீட்டருக்கு மேல தடிமன் இல்லாதது, எந்த லேப்டாப் கடைலயும் கிடைக்கும். எஸ்எஸ்டி போட்டா கேம் லோடாகுற நேரமும் குறையும். சாஃப்ட்வேர் முழு ஃபைல் அதிகாரப்பூர்வ சைட்ல இருந்து பென் டிரைவ்ல இறக்கிக்கோங்க, அங்க ரெண்டு வகை ஃபைல் இருக்கும், அப்டேட்டுக்கானது சின்னது, ரீஇன்ஸ்டாலுக்கானது கிட்டத்தட்ட 1 ஜிபி வரும், புது டிஸ்க்குக்கு அந்தப் பெரியதுதான் வேணும். ஃபோல்டர் பேர் அவங்க சொன்னபடி பெரிய எழுத்துல அப்படியே இருக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் கன்சோல் கண்டுக்காது, பென் டிரைவ் ஃபேட்32 இல்லன்னா எக்ஸ்ஃபேட்.

டிஸ்க் கழட்டியும் நீலம்தான்னா: பவர் சப்ளை மாத்திப் பாருங்க, எச்டிஎம்ஐ போர்ட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க (கீழ விவரமா சொல்றேன்). ரெண்டும் இல்லன்னா மெயின் சிப்போ, அது போர்டோட ஒட்டுற இடமோ.

இங்கதான் ஒண்ணு அழுத்திச் சொல்லணும். ஹீட் கன் காட்டி "ரீஃப்ளோ" (சூட்டுல சால்டரை உருக்கி சிப்பைத் திரும்ப ஒட்ட வெக்கிறது) பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிட்டு செட்டைத் திருப்பி வாங்கிருங்க. சூடு காட்டினா சில செட்டு உயிர் வரும், ரெண்டு வாரமோ ஒரு மாசமோ ஓடும், திரும்ப அதே நீலம், இந்த தடவை போர்டு வளைஞ்சு, பக்கத்துல இருக்குற சின்னப் பார்ட்ஸ் எல்லாம் நகர்ந்து, உண்மையிலேயே ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவர் கைக்குப் போனாலும் ஒண்ணும் பண்ண முடியாம ஆகிரும். ஒரு பையன் அப்படி ரெண்டு தடவை காசு கொடுத்துட்டு மூணாவதா என்கிட்ட வந்தான், போர்டைப் பாத்ததும் எனக்கு வயிறெரிஞ்சது, ஏன்னா ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்திருக்கலாம்னு தெரிஞ்சது. சிப்பைக் கழட்டி ரீபால் பண்றது (அடியில புது சால்டர் உருண்டை வெச்சு ஒட்டுறது) தனி வேலை, அதுக்கான மெஷின் வேணும், செலவும் பழைய செட்டு ஒண்ணு வாங்குற அளவுக்குக் கிட்ட வந்துரும். இந்த இடத்துல விட்டுட்டு ஸ்பேருக்கு வித்துருங்க.

## வெள்ளை லைட் எரியுது, ஃபேன் ஓடுது, டிவில படம் மட்டும் வரல

என் மேசைக்கு அதிகமா வர்றது இதுதான், தப்பா போர்டு மேல பழி போடுறதும் இதுலதான் அதிகம்.

கன்சோல் உண்மையிலேயே ஓடுதான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. கன்ட்ரோலர் பிஎஸ் பட்டனை அழுத்துங்க, லைட் நிலையா நின்னா உள்ள சிஸ்டம் ஓடுது. இன்னும் நல்ல டெஸ்ட் ஒண்ணு: ஏற்கனவே ரிமோட் ப்ளே (கன்சோல் படத்தை ஃபோன்ல பாத்து விளையாடுற வசதி) செட் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா ஃபோன்ல அந்த ஆப்பைத் திறந்து கனெக்ட் பண்ணுங்க. ஃபோன்ல படம் வந்துச்சுன்னா சிப், மெமரி, டிஸ்க் எல்லாமே சுகம், எச்டிஎம்ஐ வழி மட்டும்தான் கெட்டிருக்கு. இந்த ஒரு டெஸ்ட் பண்ணிட்டு கடைக்குப் போனா "போர்டு போச்சு"ன்னு யாரும் சொல்ல முடியாது.

அடுத்து வெளிய இருக்குறதெல்லாம். சவுண்ட் பார், ஆம்ப், ஸ்ப்ளிட்டர் எது நடுவுல இருந்தாலும் எடுத்துட்டு கன்சோல்ல இருந்து நேரா டிவிக்குப் போடுங்க. கேபிளை மாத்துங்க. டிவில வேற எச்டிஎம்ஐ ஓட்டைல போடுங்க, ரிமோட்ல சரியான இன்புட் எடுத்தீங்களான்னு பாருங்க, பிறகு வேற டிவி. டிவியோட போர்ட் செத்திருந்து கன்சோலைக் குத்தம் சொன்ன கதை எனக்கே மூணு நாலு தெரியும், இடி இடிச்ச ராத்திரிக்கு மறுநாள் வர்ற கேஸ்ல பாதி அப்படித்தான், கேபிள் டிவி செட்டப் பாக்ஸைக் கொண்டுவந்து அதே ஓட்டைல சொருகிப் பாத்தா உடனே தெரிஞ்சுரும்.

முன்னாடி வந்த படம் டிவி மாத்தினதுல இருந்து வரலன்னா ரெசல்யூஷன் பிரச்சனையா இருக்கலாம். செட்டை முழுசா ஆஃப் பண்ணுங்க, ரெஸ்ட் மோடுல இருக்கக் கூடாது, ஆரஞ்சு லைட் எரிஞ்சா அது ரெஸ்ட். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, ஒரு பீப், சுமார் 7 செகண்ட் கழிச்சு இன்னொரு பீப், அப்போ விடுங்க. அதான் சேஃப் மோட், ரிப்பேருக்கான ஆப்ஷன் மட்டும் நம்பர் போட்டு வர்ற ஸ்க்ரீன். கன்ட்ரோலரை யூஎஸ்பி வயர்ல மாட்டி பிஎஸ் பட்டன் அழுத்தினாதான் வேலை செய்யும். ரெண்டாவது ஆப்ஷன்ல ரெசல்யூஷனை மாத்திட்டு ரீஸ்டார்ட். பழைய டிவில ப்ரோ மாட்டும்போது எச்டிசிபி (படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) செட்டிங்கும் படத்தை மறைக்கும், அதுவும் அதே ஆப்ஷனுக்குள்ளதான் இருக்கும். சேஃப் மோட் ஸ்க்ரீனே வரலன்னா கீழ போங்க.

போர்ட்டுக்குள்ள டார்ச். 19 பின் இருக்கும், நூல் மாதிரி, மேல கீழ ரெண்டு வரிசை. ஒண்ணு வளைஞ்சிருந்தாலோ, நடுவுல இருக்குற பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சிருந்தாலோ கண்ணுக்கே தெரியும், ஃபோன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க. கேபிளைக் கழட்டாம கன்சோலை முன்னாடி இழுக்குறது, டிவி ஸ்டாண்டை சுவரோட ஒட்டித் தள்ளி கேபிளை மடக்குறது, வீட்டுல ஓடுற பிள்ளைங்க கால்ல வயர் சிக்குறது, இந்த மூணுதான் காரணம். எங்க ஊர்ல நாலாவதா உப்புக்காத்து, போர்ட்டோட மேல் தகடு பச்சையா, துருவா வந்திருக்கும். லேசான துருவுக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், மெல்லிசான பிரஷ், நல்லா காய விட்டு திரும்பப் போடுங்க. வளைஞ்ச பின்னை ஊசி வெச்சு நிமித்த முயற்சி பண்ணாதீங்க, உடைஞ்சு பக்கத்து பின்னோட சேர்ந்துச்சுன்னா உள்ள ஐசியும் (போர்டுல இருக்குற குட்டி சிப்) போகும்.

கேபிளை மேல தூக்கிப் பிடிச்சா வருது, விட்டா போகுதுன்னா போர்ட்டோட சால்டர் விட்டிருக்கு. படம் பச்சையாவோ பிங்க்காவோ, பனி கொட்டுற மாதிரி புள்ளி புள்ளியாவோ வருதுன்னா முதல்ல கேபிள், பிறகு போர்ட் பின். போர்ட் பளிச்சுன்னு இருக்கு, ரிமோட் ப்ளேல படம் வருது, டிவில மட்டும் சுத்தமா இல்லன்னா போர்ட்டுக்குப் பின்னாடி இருக்குற எச்டிஎம்ஐ ஐசி மேல சந்தேகம்.

எப்போ கடைக்கு: போர்ட் மாத்துறதே வீட்டு சால்டரிங் அயர்ன் வேலை இல்ல, ஹாட் ஏர், ஃப்ளக்ஸ், மைக்ரோஸ்கோப் வேணும், பேட் (போர்டுல சால்டர் பிடிக்குற செம்புப் பொட்டு) ஒண்ணு பிய்ஞ்சு வந்தா ஜம்பர் (மெல்லிசு கம்பி) இழுக்கணும். மொபைல் போர்டு வேலை நல்லா தெரிஞ்ச கடைல இதை அழகா பண்ணுவாங்க, கேம் கடைன்னே தேட வேண்டாம். ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, போர்ட் மட்டுமா ஐசியும் சேர்த்தா, ஐசின்னா எந்த நம்பர்? பழைய பெரிய மாடல்ல 10, 11னா எம்என்86471ஏ, ஸ்லிம்லயும் ப்ரோலயும் எம்என்864729, தெரிஞ்சவர்னா நீங்க மாடல் சொன்னதுமே சொல்லிருவார். ரெண்டு, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ தருவாங்களான்னு. தயங்காம சரின்னா குடுங்க.

## ஃபேன் சத்தம் ஏரோப்ளேன் மாதிரி, இல்லன்னா சூடாகி ஆஃப் ஆகுது

ரொம்ப சூடாயிருச்சுன்னு ஸ்க்ரீன்ல மெசேஜ் வந்தோ, சிவப்பு லைட் மின்னியோ ஆஃப் ஆனா சூடு. எந்த மெசேஜும் இல்லாம பட்டுன்னு அணைஞ்சா பவர் சப்ளை பக்கம் போங்க, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வெச்ச இடத்தைப் பாருங்க முதல்ல. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் தட்டுக்குள்ள வெச்சு, மேல பூ வேலைப்பாடு துணி போத்தி, அம்மா ஆசையா அழகு பண்ணியிருப்பாங்க. வெளிய எடுத்து நாலு பக்கமும் ஒரு ஜாண் இடம் விட்டு வெச்சதுமே சத்தம் பாதியா குறைஞ்ச வீடு நிறைய.

அடுத்தது தூசி. வெளிய இருந்து ஊதினா தூசி உள்ள இன்னும் ஆழமா போகும், திறந்துதான் ஊதணும். டி8, டி9னு நட்சத்திர வடிவத்துல, நடுவுல ஓட்டை உள்ள ஸ்க்ரூட்ரைவர் பிட் ரெண்டும் வாங்கி வெச்சுக்கோங்க, சில ஸ்க்ரூ வாரன்டி ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். பெரிய மாடல்ல அடிப்பக்க மூடியை எடுத்தா ஃபேன் தெரியும், ஆனா அடைப்பு இருக்குறது அங்க இல்ல, பவர் சப்ளையைத் தூக்கினாதான் தெரியுற ஹீட் சிங்க் (சூட்டை வெளிய தள்ளுற உலோகம்) தகடுகள்ல, கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். பவர் சப்ளையைத் தூக்கும்போது நேரா மேல தூக்குங்க, சாய்ச்சு நெம்பினா அடியில இருக்குற பின் வளையும். ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், ப்ளோவர் வேகத்துல அது சுத்த விட்டா பேரிங்கும் போகும், ஃபேன் தானே கரண்ட் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பும். ஸ்லிம், ப்ரோவுக்குத் திறக்குற வழி வேற, உங்க மாடலுக்கான வீடியோவை முழுசா ஒரு தடவை பாத்துட்டு கை வைங்க.

தூசி எடுத்தும் பத்து நிமிஷத்துல சத்தம் ஏறுதுன்னா தெர்மல் பேஸ்ட் (சிப்போட சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்துற பசை) காய்ஞ்சிருக்கும். அதுக்கு போர்டை முழுசா வெளிய எடுக்கணும், மெல்லிசு ரிப்பன் கேபிள் நாலஞ்சு இருக்கு, ஒண்ணு கிழிஞ்சாலும் புது செலவு. லேப்டாப் ஒண்ணையாவது பிரிச்சு மாட்டின அனுபவம் இருந்தா பண்ணுங்க, இல்லன்னா குடுத்துப் பண்ணிக்கோங்க.

## கேம் டிஸ்க் சிக்கல்

டிஸ்க் தானா வெளிய வருது, பீப் பீப்னு அடிக்குதுன்னா, அது 10, 11 மாடல்னா, எஜெக்ட் அங்க டச் பட்டன். அடியில லோகோ பக்கத்துல இருக்குற ரப்பர் கால் அந்த சென்சாரை அழுத்திக்கிட்டே இருக்கும், அதைக் கழட்டிட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதோட நிக்கும். டிஸ்க் உள்ள போகவே மாட்டேங்குதுன்னா ரோலர்ல தூசி. எடுத்துக்குது ஆனா படிக்கலன்னா வேற டிஸ்க், பிறகு லென்ஸ் சுத்தம், பிறகு லென்ஸ் மாத்தணும். பழைய மாடல்ல டிரைவோட இருக்குற குட்டி போர்டு மெயின் போர்டோட ஜோடி சேர்ந்தது, டிரைவ் மாத்தினாலும் அந்த போர்டு உங்களோடதே இருக்கணும், கடைக்காரர் அதைத் தூக்கிப் போட்டுட்டா உங்க செட்ல இனி டிஸ்க் ஓடாது.

## கேம் தொங்குது, மெனு நகரவே மாட்டேங்குது, சிஇ-34878-0 எர்ரர்

ஒரே ஒரு கேம்ல மட்டும்னா அந்த கேமை அழிச்சுட்டு திரும்ப இறக்குங்க. எல்லாத்துலயும்னா சேஃப் மோட்ல 5வது ஆப்ஷன், டேட்டாபேஸ் ரீபில்ட், கேமும் சேவும் அழியாது. 6, 7 தொட்டா எல்லாமே போயிரும், அதனால முன்னாடியே சேவ் ஃபைல்களை பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்கோங்க, ஒரு தம்பி மூணு வருஷ சேவை இப்படித்தான் இழந்தான், செட்டு சரியாகியும் அவன் முகத்துல சந்தோஷம் இல்ல. ரீபில்ட் பண்ணியும் ஒரு வாரத்துல பழையபடி ஆனா ஹார்ட் டிஸ்க் சாகப் போகுது, முழுசா சாகுறதுக்கு முன்னாடி மாத்திருங்க.

## கன்ட்ரோலர்

கனெக்ட் ஆகலன்னா முதல் சந்தேகம் வயர், சார்ஜுக்கு மட்டும்னு வர்ற வயர்ல டேட்டா லைன் இருக்காது, சார்ஜ் ஏறும் ஆனா கன்சோல் அதை அடையாளம் காணாது. பின்னாடி எல்2 பக்கத்துல ஒரு குட்டி ஓட்டை இருக்கு, சிம் பின் வெச்சு சில செகண்ட் அழுத்தி, நல்ல வயர்ல மாட்டுங்க.

ஸ்டிக் தானா நகருதுன்னா அடியில ஆல்கஹால் ஒரு துளி விட்டு நாலு திசையும் சுத்துங்க, தூசின்னா போகும். உள்ள இருக்குற தேயுற தடம் தேஞ்சிருந்தா ரெண்டு நாள்ல திரும்பும், அப்போ ஸ்டிக் மாட்யூலையே சால்டர் பண்ணி மாத்தணும், ஒவ்வொண்ணுலயும் பத்து பன்னெண்டு காலுக்கு மேல எடுக்கணும். சால்டர் பழகினவங்களுக்கு இது நல்ல வேலை, பழகாதவங்க மொபைல் கடைல குடுங்க. டூப்ளிகேட் கன்ட்ரோலர் வாங்குறதை விட ஒரிஜினலை மாட்யூல் மாத்தி வெச்சுக்குறதுதான் என் விருப்பம், கைல பிடிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

## பிஎஸ்5க்கும் இதே வரிசை சரியா வருமான்னு கேக்குறவங்களுக்கு

எச்டிஎம்ஐ, சேஃப் மோட், கேபிள் வரைக்கும் அப்படியே பொருந்தும், போர்ட் உடையுறது அதுலயும் சகஜம்தான். சைட் ப்ளேட்டைக் கழட்டினா தூசி சேர்ற ரெண்டு ஓட்டை தெரியும், அதை வேக்யூம் வெச்சு உறிஞ்சிக்கலாம். அதுக்கு மேல ஹீட் சிங்க்கை மட்டும் கழட்டாதீங்க. அங்க பேஸ்ட்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல் இருக்கு, அது கரண்ட் கடத்தும், ஒரு துளி போர்டு மேல ஓடினா முடிஞ்சது. சத்தமும் சூடும் தூசி எடுத்த பிறகும் குறையலன்னா லிக்விட் மெட்டல் வேலை பண்ணிப் பழகினவர்கிட்டதான் போகணும், அப்படி ஒருத்தர் உங்க ஊர்ல இல்லன்னா கிடைக்குற வரைக்கும் செட்டை ஆஃப் பண்ணியே வைங்க.